வராத வரவும் ஆறாவது லைனும்

செமஸ்டர், இண்டர்னல், அசைன்மென்ட் என்று ஓடியதில் இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. போன முறை எங்க ஊர் புரோட்டா பற்றி மொக்கை போட்டேன். இந்த முறை கொஞ்சம் சீரியஸ். தலைப்பைப் பார்த்துவிட்டு ரயில்வே பற்றிய பதிவு என்று வந்தவர்கள் மன்னிக்கவும். இது டேட்டாபேஸ் பற்றியது.

"பி.காம் படிக்கிற உனக்கு இதெல்லாம் எதுக்குடா?" என்று கேட்கப் போகும் என் வகுப்பு மக்களே, ஓடிப் போயிடாதீங்க. பதினொன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்து போன விடுபிழையும், வங்கிச் சரிகட்டும் பட்டியலும்தான் இந்தக் கதையின் வில்லனும் ஹீரோவும். நடுவில் ஒரு மனுஷனைத் திருடன் என்று நினைத்த பாவமும் இருக்கிறது. அந்தப் பாவத்தில் எனக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

கதை நடந்தது 2024 ஏப்ரலில். அப்போது நான் முதல் வருஷம். விருதுநகரில் ஒரு மளிகை மொத்தக் கடையில், காலேஜ் முடிந்து சாயங்காலம் மூன்று மணி நேரம் கணக்கு வேலை. கடைப் பெயர் வேண்டாம். முதலாளியை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும், நானும் அப்படியே.

மொத்தக் கடை வியாபாரம் எப்படி என்று தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். சுற்றியுள்ள ஊர்களின் சில்லறைக் கடைகளுக்குச் சரக்கைக் கடனுக்கு அனுப்புவார்கள். வாரம் ஒரு நாள் வசூல் ஆள் ஒருத்தர் அந்த ஊர்களுக்கெல்லாம் வண்டியில் போய்ப் பணம் வாங்கி வருவார். அந்தப் பாதைக்கு லைன் என்று பெயர். சாத்தூர் லைன், சிவகாசி லைன், அருப்புக்கோட்டை லைன், காரியாபட்டி லைன், ராஜபாளையம் லைன் என்று ஐந்து லைன் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு லைனுக்கும் ஓர் ஆள்.

கடையின் பில்லிங் சாஃப்ட்வேரை எழுதியது என் பெரியப்பா பையன். இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறார். அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் என்றால் உயிர். அதனால் ஒரு மளிகைக் கடைக்குத் தேவையே இல்லாத சமாச்சாரத்தையெல்லாம் ஆசைப்பட்டு உள்ளே வைத்திருந்தார். அதில் இரண்டு விஷயங்கள் இந்தக் கதைக்கு முக்கியம். ஒன்று பார்ட்டிஷன். இன்னொன்று ரெப்ளிகேஷன்.

பார்ட்டிஷன் ரொம்ப சுலபம். நம்ம பேரேட்டையே எடுத்துக்குங்க. கடனாளிகள் அதிகமாகிவிட்டால் ஒரே தடி நோட்டில் எழுதாமல் ஊர்வாரியாகப் பிரித்துத் தனித்தனி நோட்டு போடுவோம் இல்லையா, அதேதான். வெளியே பார்க்க "வசூல்" என்று ஒரே டேபிள். உள்ளே லைன் 1, லைன் 2 என்று தனித்தனி டேபிள்கள். வரிசைகள் எல்லாம் அந்தக் குட்டி டேபிள்களில்தான் இருக்கும். தாய் டேபிளில் ஒரு வரிசைகூட இருக்காது. அது வெறும் பெயர்ப் பலகை. கேள்வி கேட்டால் எல்லா நோட்டையும் புரட்டி மொத்தமாகப் பதில் சொல்லும். பில் டேபிளும் இப்படித்தான், வசூல் டேபிளும் இப்படித்தான். பெரிய கம்பெனிகளில் கோடிக்கணக்கில் வரிசை இருந்தால் இதை மாதவாரியாகவோ வருஷவாரியாகவோ செய்வார்களாம். எங்க கடையில் மொத்தமே சில ஆயிரம் வரிசைதான். ஆசை யாரை விட்டது.

ரெப்ளிகேஷன் என்றால் நகல். அண்ணாச்சி வீடு கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ராத்திரி சாப்பிட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துதான் பாக்கிப் பட்டியல் பார்ப்பார். அதனால் கடை மெஷினில் ஏறுவதெல்லாம் வீட்டு மெஷினுக்கும் தானாகப் போய்ச் சேரும்படி அண்ணன் செய்து வைத்திருந்தார்.

அது எப்படிப் போகிறது என்பதுதான் அழகு. அண்ணன் சொன்னபோது "அட, இது நம்ம சப்ஜெக்ட் ஆச்சே" என்று துள்ளிவிட்டேன். போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில் எந்த மாற்றம் நடந்தாலும் முதலில் ஒரு பதிவுக் கோப்பில் எழுதப்படும். அதற்குச் சுருக்கப் பெயர் வால். (குரங்கு வால் இல்லீங்க.) டேபிளின் பக்கம் வட்டில் மாறுவது அதற்கு அப்புறம்தான். முதலில் குறிப்பேடு, பிறகு பேரேடு! பாதியில் கரண்ட் போனாலும் குறிப்பேட்டைப் படித்துப் பேரேட்டைச் சரி செய்துகொள்ளலாம்.

நகலும் இந்தக் குறிப்பேட்டை வைத்துத்தான். அதில் இரண்டு வகை. ஒன்று மொத்த நோட்டையும் ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி. எதையும் விடாது, ஆனால் அந்தப் பக்கமும் அச்சு அசல் அப்படியே இருக்க வேண்டும். இன்னொன்று லாஜிகல் ரெப்ளிகேஷன். குறிப்பேட்டை ஒரு குமாஸ்தா உட்கார்ந்து படித்து, "இந்த டேபிளில் இந்த வரிசை சேர்ந்தது, அந்த டேபிளில் அந்த வரிசை மாறியது" என்று அந்தப் பக்கத்துக்குச் சொல்லி அனுப்புவது. எந்தெந்த டேபிளைச் சொல்ல வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். அனுப்புகிற பக்கம் இருக்கும் அந்தப் பட்டியலுக்கு பப்ளிகேஷன் என்று பெயர். வாங்குகிற பக்கம் சப்ஸ்க்ரிப்ஷன். பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிற மாதிரி.

இப்போது சிக்கலுக்கு வருவோம். போஸ்ட்கிரஸின் 10-ஆம் பதிப்பு 2017 அக்டோபரில் வந்தது. டேபிளை நேரடியாகப் பார்ட்டிஷன் செய்யும் முறையும் உள்ளேயே கட்டப்பட்ட லாஜிகல் ரெப்ளிகேஷனும் அந்த ஒரே பதிப்பில்தான் வந்தன. ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. தாய் டேபிளைப் பட்டியலில் சேர்க்கப் பார்த்தால் முடியாது என்று சொல்லிவிடும். குட்டி டேபிள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் சேர்க்க வேண்டும். 2020 செப்டம்பரில் வந்த 13-ஆம் பதிப்பில்தான் தாயைச் சேர்த்தால் பிள்ளைகளும் சேர்ந்துவிடும் என்று ஆனது. எங்க கடையில் ஓடியது 12. "எல்லா டேபிளும்" என்று மொத்தமாகச் சொல்லும் வழி அப்போதே உண்டு. ஆனால் சில வேலை டேபிள்கள் வீட்டு மெஷினுக்குப் போக வேண்டாம் என்று அண்ணன் பெயர் சொல்லிச் சொல்லிச் சேர்த்திருந்தார்.

2024 ஏப்ரல் 1 முதல் அண்ணாச்சி ஆறாவது லைன் திறந்தார். திருச்சுழி, நரிக்குடிப் பக்கம். அதற்குப் புதிதாக ஒருத்தரை வேலைக்கு வைத்தார். ஐம்பது வயசு இருக்கும். வேறு ஒரு கடையில் பல வருஷம் வசூல் பார்த்தவர். அவரை இங்கே ஆறாவது லைன் அண்ணன் என்றே சொல்கிறேன்.

மார்ச் 31 ஞாயிறு ராத்திரி. பெங்களூர் அண்ணன் போனில் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். இரண்டு மெஷினிலும் பில்லுக்கு ஒரு புது பார்ட்டிஷன், வசூலுக்கு ஒரு புது பார்ட்டிஷன் போட வேண்டும். கடை மெஷினில் பப்ளிகேஷன் பட்டியலில் இரண்டையும் சேர்க்க வேண்டும். வீட்டு மெஷினில் "பட்டியலைப் புதுசாப் படிச்சுக்கோ" என்று ரெஃப்ரெஷ் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஏன் இரண்டு பக்கமும் கையால் செய்ய வேண்டும் என்றால், லாஜிகல் ரெப்ளிகேஷன் வரிசைகளை மட்டும்தான் கொண்டுபோகும். புது டேபிள் போட்டது, புதுக் கட்டம் சேர்த்தது மாதிரி அமைப்பு மாற்றங்களைக் கொண்டுபோகாது.

மறுநாள் எனக்கு பிசினஸ் எகனாமிக்ஸ் இண்டர்னல். அவசர அவசரமாக அடித்தேன். பார்ட்டிஷன்கள் போட்டாச்சு. பட்டியலில் பில் லைன் 6 சேர்த்தாச்சு. அதற்குள் கரண்ட் போய் வந்தது. யூபிஎஸ் கீ கீ என்று கத்தியது. உட்கார்ந்து அடுத்த வரியை அடித்தேன். அடுத்த வரி என்று நான் நினைத்தது ரெஃப்ரெஷ். வசூல் லைன் 6 சேர்க்கும் வரியைத் தாண்டிவிட்டேன்.

சோதனை செய்யாமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். கடை மெஷினில் லைன் 6-க்கு ஒரு போலி பில் போட்டேன். வீட்டு மெஷினில் வந்துவிட்டது. அழித்தேன். அங்கேயும் அழிந்தது. "ஓகேண்ணே, சூப்பர்" என்று போனை வைத்துவிட்டு சப்ளை டிமாண்ட் படிக்கப் போனேன். வசூலைச் சோதித்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

மூன்று வாரம் ஓடியது. வீட்டில் அண்ணாச்சி பார்க்கும் பாக்கிப் பட்டியலில் ஐந்து லைன் சரியாக இருந்தது. ஆறாவது லைனில் பில் மட்டும் ஏறிக்கொண்டே போனது. வரவு ஒரு பைசா இல்லை. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. வீட்டு மெஷினில் வசூல் லைன் 6 என்ற டேபிள் இருக்கிறது, காலியாக இருக்கிறது. காலி நோட்டைப் புரட்டினால் பூஜ்யம்தானே வரும். அண்ணாச்சி கண்ணுக்கு அது "வசூல் ஆகவில்லை" என்று தெரிந்தது.

முதல் இரண்டு வாரம் பேசாமல் இருந்தார். புது லைன், புதுக் கடைகள், கடன் கேட்பது சகஜம். அதோடு லோக்சபா தேர்தல் நேரம். 50,000 ரூபாய்க்கு மேல் கையில் கொண்டு போனால் கணக்குக் காட்ட வேண்டும் என்று பறக்கும் படை வண்டியை நிறுத்திச் சோதித்த காலம். அதனால் வசூல் மந்தம் என்று நினைத்திருக்கிறார். மூன்றாவது வாரம் யாரோ நரிக்குடிக் கடைக்காரர் வேறு விஷயமாகப் போன் செய்தபோது, "உங்க பாக்கியத்தான் போன வாரமே குடுத்துட்டேனே" என்றிருக்கிறார். அண்ணாச்சிக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது.

என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஆறாவது லைன் கடை எல்லாத்துக்கும் ஒரு போனப் போடு. யாரு யாரு எவ்வளவு குடுத்தாங்கன்னு கேளு. அவருக்குத் தெரிய வேண்டாம்."

19 கடைகள். நான்தான் போட்டேன். "அண்ணாச்சி கடையிலேர்ந்து பேசுறேன். வசூலுக்கு வர்ற அண்ணன்கிட்ட பணம் ஏதும் குடுத்தீங்களா?" இந்தக் கேள்வியைக் கேட்டாலே எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. "ஏன் தம்பி, அவரு கட்டலையா?" என்று பாதிப் பேர் திருப்பிக் கேட்டார்கள். "சும்மா சரிபாக்குறோம்" என்று சமாளித்தேன். எல்லாம் கூட்டினால் கடைக்காரர்கள் கொடுத்ததாகச் சொன்னது 1,38,450 ரூபாய். எக்செல்லில் அழகாகக் கட்டம் போட்டு, தலைப்பு கொடுத்து, பிரிண்ட் எடுத்து அண்ணாச்சி கையில் கொடுத்தேன். ஒரு ஆளைக் குற்றம் சாட்டும் காகிதத்தை, குற்றம் செய்தவனே டைப் அடித்துக் கொடுத்தது உலகத்தில் வேறு எங்காவது நடந்திருக்குமா தெரியவில்லை.

ஏப்ரல் 20, சனிக்கிழமை சாயங்காலம். லைன் முடித்து வந்த அண்ணனை அண்ணாச்சி கூப்பிட்டார். கடையில் மூட்டை தூக்குகிறவர்கள், மற்ற வசூல் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். காகிதத்தைக் காட்டி, "இந்தப் பணம் எங்க?" என்றார்.

அண்ணன் அசரவில்லை. "அன்னன்னைக்குக் கவுண்டர்ல கட்டிட்டேன் அண்ணாச்சி. அந்தப் பிள்ளைகிட்ட கேளுங்க" என்றார். கவுண்டரில் இருக்கும் அக்கா வெள்ளிக்கிழமை ஓட்டுப் போட ஊருக்குப் போனவர், திங்கள்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் போனும் எடுக்கவில்லை. "கணக்குல ஏறலையே" என்றார் அண்ணாச்சி. "ரசீது புக்கு என்கிட்ட இருக்கு" என்றார் அண்ணன். "நீ ரசீது போட்டிருப்ப. பணம் கடைக்கு வந்துச்சான்னுல்ல கேக்கேன்." அதற்கு அண்ணனால் பதில் சொல்ல முடியவில்லை. வண்டிச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு நடந்தே போனார்.

ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நியாயமாகச் சொன்னால் அது குற்ற உணர்ச்சி இல்லை. அப்போது என் தப்பு எனக்குத் தெரியாது. ஒரே ஒரு கேள்விதான் உறுத்தியது. அவர் எடுத்திருந்தால் பணம் எங்கோ குறைந்திருக்க வேண்டும். எங்கே குறைந்தது?

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வீட்டுக்குப் போய் பேங்க் ஸ்டேட்மென்டை வாங்கி உட்கார்ந்தேன். கடையில் வருகிற ரொக்கம், செக் எல்லாம் ஒரே கரண்ட் அக்கவுண்டில்தான் போகும். வீட்டு மெஷின் சொல்லும் மொத்த வரவு ஒரு பக்கம், பேங்கில் போட்டது இன்னொரு பக்கம். பிளஸ் ஒன்னில் தூங்கி வழிந்துகொண்டே போட்ட அதே பி.ஆர்.எஸ். செலவுகளைக் கழித்து, சரிக்கட்டிப் பார்த்தால் இரண்டும் ஒத்துப் போகவில்லை. ஆனால் வித்தியாசம் எதிர்ப் பக்கம் இருந்தது. பேங்கில் 1,32,250 ரூபாய் அதிகம்!

திருட்டு நடந்திருந்தால் பேங்கில் அதிகம் வராது. கடைக்காரர்கள் சொன்னது 1,38,450. வித்தியாசம் 6,200. பட்டியலைப் பார்த்தேன். திருச்சுழிக் கடைக்காரர் ஒருவர் செக்காகக் கொடுத்தது 6,200. அந்த செக் இன்னும் பாஸாகவில்லை. அவ்வளவுதான். ஒரு ரூபாய் பிசகில்லை. அண்ணன் கட்டிய பணம் முழுக்க பேங்கில் உட்கார்ந்திருந்தது. கணக்கில்தான் இல்லை.

கடைச் சாவியை வாங்கிக்கொண்டு ஓடினேன். இரண்டு மெஷினிலும் ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் எத்தனை வரிசை என்று எண்ணினேன். ஐந்து லைனும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். பில் லைன் 6 கடையில் 52, வீட்டில் 52. வசூல் லைன் 6 கடையில் 34, வீட்டில் 0. கவுண்டர் அக்கா ஒரு ரசீது விடாமல் ஏற்றியிருக்கிறார்.

பெங்களூருக்குப் போன் போட்டேன். அண்ணன் முதலில் கேட்டது, "லேக் எவ்வளவு காட்டுது?" நகல் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதுதான் லேக். பூஜ்யம். சப்ஸ்க்ரிப்ஷன் ஓடுகிறதா? ஓடுகிறது. பிழை ஏதாவது? இல்லை. "அப்போ பப்ளிகேஷன் பட்டியலப் படி" என்றார். படித்தேன். பில் லைன் 6 இருந்தது. வசூல் லைன் 5 வரை இருந்தது. ஆறு இல்லை. நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் அந்த வரி இருக்கிறது. பக்கத்தில் டிக் இல்லை.

இங்கே வகுப்பு மக்களுக்கு ஒரு கேள்வி. இருப்பாய்வு சரியாக இருந்தால் கணக்கில் தப்பே இல்லை என்று சொல்லலாமா? கூடாது. ஐந்து மார்க் கேள்வி. ஒரு நடவடிக்கையை முழுசாக எழுதாமல் விட்டுவிட்டால் பற்றிலும் இருக்காது, வரவிலும் இருக்காது, இருப்பாய்வு அழகாகச் சமமாகும். அதுதான் முழு விடுபிழை. லேக் பூஜ்யம் என்பதும் அதே கதைதான். சொல்லி அனுப்பச் சொன்னதையெல்லாம் குமாஸ்தா சொல்லி முடித்துவிட்டான் என்றுதான் அதற்கு அர்த்தம். சொல்லச் சொல்லாததைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

சரி செய்ய இரண்டே வரி. பட்டியலில் வசூல் லைன் 6-ஐச் சேர்த்தேன். வீட்டு மெஷினில் ரெஃப்ரெஷ் கொடுத்தேன். ரெஃப்ரெஷ் கொடுக்கும்போது புதிதாகச் சேர்ந்த டேபிளில் ஏற்கனவே இருக்கும் வரிசைகளையும் ஒரு தடவை முழுசாக எடுத்துக்கொள்ளும், வேறு மாதிரி சொல்லாத வரை அதுதான் வழக்கம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. 34 வரிசையும் வந்து நின்றது.

அண்ணாச்சியிடம் போய் என்ன சொன்னேன் தெரியுமா? "சிஸ்டம் ப்ராப்ளம் அண்ணாச்சி. சரி பண்ணிட்டேன்."

அவரும் "அப்படியா, நல்ல வேளை" என்றார். நானே கண்டுபிடித்த மாதிரி என் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார். அன்றைக்கே ஆள் அனுப்பி ஆறாவது லைன் அண்ணனைக் கூட்டிவந்து, "மனசுல வச்சுக்காதீங்க, கம்ப்யூட்டர் கோளாறு" என்றார். அவரும் சாவியை எடுத்துக்கொண்டார்.

கம்ப்யூட்டருக்கு ஒரு கோளாறும் இல்லை. அது சொன்னதைச் செய்தது. இரண்டு நாள் இந்த நினைப்போடு சுற்றினேன். மூன்றாம் நாள் டீக்கடையில் அவர் தனியாக நின்றபோது போய்ச் சொல்லிவிட்டேன். "அண்ணே, அது சிஸ்டம் தப்பு இல்ல. நான் ஒரு வரி அடிக்க விட்டுட்டேன். போன் போட்டதும் நான்தான்."

கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "நீ அடிக்க விட்டது பெருசில்ல தம்பி. மனுஷன்னா மறக்கத்தான் செய்வான். என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் கடைக்கெல்லாம் போன் போட்டிருக்கலாம்" என்றார். டீக்குக் காசும் அவர்தான் கொடுத்தார். அன்று ராத்திரியே அண்ணாச்சியிடமும் உண்மையைச் சொன்னேன். திட்டினார். சரியான திட்டு. ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை.

நிற்க. அதற்குப் பிறகு இந்த விஷயத்தைத் தோண்டித் தோண்டிப் படித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்தது, இதில் வரும் தப்புகள் இரண்டு ஜாதி. கத்துகிற தப்பு, பேசாத தப்பு.

கத்துகிற தப்புகள் நல்லவை. வாங்குகிற பக்கம் அந்தப் பெயரில் டேபிளே இல்லையென்றால் பிழை சொல்லி நின்றுவிடும். அங்கே பொருத்தமான பார்ட்டிஷன் இல்லையென்றாலும் அப்படித்தான். பிரைமரி கீ மாதிரி வரிசையை அடையாளம் காட்டும் எதுவும் இல்லாத டேபிளைப் பட்டியலில் சேர்த்துவிட்டு ஒரு வரிசையைத் திருத்தப் போனால், அனுப்புகிற பக்கமே முடியாது என்று சொல்லிவிடும். இவற்றில் ஒரே பயம், நகல் நின்றிருக்கும் வரை கடை மெஷினில் வால் சேர்ந்துகொண்டே போகும். கவனிக்காமல் விட்டால் டிஸ்க் நிரம்பிவிடும். ஆனால் யாராவது கவனித்துவிடுவார்கள்.

பேசாத தப்புகள்தான் ஆபத்து. குட்டி டேபிள் பட்டியலிலேயே இல்லாதது ஒன்று, அதாவது என் கதை. பட்டியலில் சேர்த்துவிட்டு, அந்தப் பக்கம் டேபிளும் போட்டுவிட்டு, ரெஃப்ரெஷ் மட்டும் கொடுக்க மறந்தால், வரும் வரிசைகளை அந்தப் பக்கம் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்க்கும். இது இரண்டாவது.

அந்த வருஷம் நவம்பரோடு 12-ஆம் பதிப்புக்கு ஆதரவு முடிந்தது. அந்தச் சாக்கில் லீவில் வந்த அண்ணன் 16-க்கு மாற்றினார். இப்போது குட்டிகளைப் பெயர் சொல்லிச் சேர்ப்பதில்லை. தாய் டேபிள்தான் பட்டியலில். அதோடு "பப்ளிஷ் வயா பார்ட்டிஷன் ரூட்" என்ற அமைப்பையும் போட்டிருக்கிறோம். சாதாரணமாக அது அணைந்திருக்கும். அப்போது மாற்றங்கள் குட்டி டேபிளின் பெயரில்தான் போகும், அந்தப் பக்கமும் அதே பெயரில் குட்டி இருக்க வேண்டும். அதைப் போட்டுவிட்டால் எந்தக் குட்டியில் நடந்தாலும் தாயின் பெயரில் போகும். அதனால் வீட்டு மெஷினில் இப்போது பார்ட்டிஷனே இல்லை, பில் ஒரு டேபிள், வசூல் ஒரு டேபிள், அவ்வளவுதான். 2025-ல் ஏழாவது லைன் திறந்தபோது கடை மெஷினில் பார்ட்டிஷன் மட்டும் போட்டேன். வீட்டுப் பக்கம் கையே வைக்கவில்லை. வந்துவிட்டது.

இதிலும் பேசாத தப்பு இல்லாமல் இல்லை. தனியாக ஒரு டேபிளில் வரிசைகளை நிரப்பிவிட்டு, பிறகு அதைப் பார்ட்டிஷனாகத் தாயோடு ஒட்டினால், ஏற்கனவே உள்ளே இருக்கும் வரிசைகள் போகாது. ஒட்டிய பிறகு வருவதுதான் போகும். அதேபோல ஒரு குட்டியை மட்டும் ட்ரன்கேட் செய்து மொத்தமாகக் காலி செய்தால், அந்தச் செய்தி இந்த அமைப்பில் அந்தப் பக்கம் போகாது.

அதனால் எந்த வசதி வந்தாலும் ஒரு வேலையை நான் விடுவதில்லை. தினமும் கடை அடைத்த பிறகு இரண்டு மெஷினிலும் லைன்வாரியாக எத்தனை வரிசை, மொத்தம் எவ்வளவு ரூபாய் என்று எடுத்து ஒத்துப் பார்க்கிறேன். லைன்வாரியாக என்பது முக்கியம். வித்தியாசம் எந்த லைனில் என்று அப்போதுதான் உடனே தெரியும். எண்ணிக்கை மட்டும் போதாது. ஒரு ரசீதைத் திருத்தியது போகாமல் இருந்தால் எண்ணிக்கை ஒன்றாகத்தான் இருக்கும், ரூபாய்தான் காட்டிக் கொடுக்கும். பத்து வரி ஸ்கிரிப்ட். வித்தியாசம் வந்தால் என் போனுக்கு மெசேஜ் வரும். ஒத்துப் போனாலும் "சரி" என்று ஒரு மெசேஜ் வரும்படி வைத்திருக்கிறேன். மெசேஜே வரவில்லை என்றால் ஸ்கிரிப்ட் ஓடவில்லை என்று தெரிந்துகொள்ளலாம் பாருங்கள். சூடு கண்ட பூனை.

ஆறாவது லைன் அண்ணன் இன்னமும் அதே லைனில்தான் போகிறார். என்னோடு நன்றாகப் பேசுவார். ஆனால் நரிக்குடியில் ஒரு கடைக்காரர் மட்டும் அன்றிலிருந்து அவரிடம் பணம் கொடுத்தால், ரசீதை போட்டோ எடுத்துக் கடை நம்பருக்கு அனுப்பிவிட்டுத்தான் விடுகிறாராம். அவர் நல்லவர்தான், ஜாக்கிரதைக்காரர். அந்த போட்டோ வரும்போதெல்லாம் என் வயிற்றில் ஏதோ செய்யும். 34 வரிசையை ஒரு நிமிஷத்தில் கொண்டுவந்துவிட்டேன். அந்த 19 போன் கால்களைத் திரும்ப எடுக்க எந்த கமாண்டும் கிடையாது.

மக்களே, நாம் எல்லாரும் நாளைக்கு எங்கோ ஒரு ஆபீசில் ரிப்போர்ட் பார்க்கப் போகிறவர்கள்தான். பூஜ்யம் என்று வந்தால் "நடக்கவில்லை" என்று உடனே எழுதிவிடாதீர்கள். "எனக்கு வந்து சேரவில்லை" என்றும் இருக்கலாம். ஒரு ஆள் மேல் கை நீட்டுவதற்கு முன்னால், வேறொரு கை எழுதிய கணக்கோடு ஒரு தடவை ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

பி.கு: அந்த இண்டர்னலில் எனக்கு இருபத்தஞ்சுக்கு பதினொன்று. சப்ளையும் போச்சு, டிமாண்டும் போச்சு. அடுத்த பதிவில் சந்திப்போம். வரட்டா?